மேய்ச்சல் நிலப் பாகுபாடு: மண்ணும் தாவரமும்

ஒன்றன் நலத்தை அளக்கப் புகுவார் முதற்கண் அதன் இனத்தை அறிதல் வேண்டும். எண்பது அகவை முதியவர் நடையை இருபது அகவை இளைஞர் நடையோடு ஒப்பிட்டு, முதியவர் நோயுற்றார் என முடிவு செய்வார் இலர். நிலத்தின் நலமும் அத்தகையதே. களர் நிலத்தில் புல் அருகியிருத்தல் இயல்பு. வண்டல் படிந்த தாழ்நிலத்தில் அவ்வாறு அருகியிருத்தல் கேட்டின் அறிகுறி. இவ்விரண்டனையும் ஒரே கோலால் அளப்பின், நலமுடைய நிலத்தை நோயுற்றது என்றும், நோயுற்ற நிலத்தை நலமுடையது என்றும் மயங்க நேரும். ஆதலின், அளத்தற்கு முன் பகுத்தல் வேண்டும். பகுப்பது எதனைக் கொண்டு? மண்ணைக் கொண்டா? மண்மேல் வளரும் புல், புதர், மரம் ஆகியவற்றைக் கொண்டா? இவ்வினாவிற்கு வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடப்பட்டு வந்துள்ளது. அத்தேடலின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதனால் பெறப்படும் முடிபைத் தமிழறிஞர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலவியலும் பயிரியலும் பற்றிய இப்பொருள் தமிழாராய்ச்சி இதழில் இடம்பெறுதல் யாங்ஙனம் பொருந்தும் எனச் சிலர் வினவலாம். நிலத்தைப் பகுத்தல், பகுத்தவற்றிற்குப் பெயரிடுதல், ஒரு நிலம் தன் இயல்பு திரிந்தவழி அதனை எவ்வாறு குறிப்பது எனத் தெளிதல் ஆகிய மூன்றும் திணைக்கோட்பாடு பயில்வார்க்குப் புதியன அல்ல. அம்மரபிற்கும் இவ்வரலாற்றிற்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று யாம் கூறவில்லை. எனினும், அம்மரபில் பயின்றவர் இவ்வரலாற்றின் உட்சிக்கலை விரைந்து உணர்வர் என்பது எம் கருத்து.

1. மேய்ச்சல் நிலமும் அதற்கு நேர்ந்த கேடும்

உழுது பயிரிடப்படாமல், இயல்பாக வளரும் புல்லும் புதரும் கால்நடைக்கு உணவாகுமாறு விடப்பட்ட பரந்த நிலத்தையே ஈண்டு மேய்ச்சல் நிலம் என்கிறோம். மழை குறைந்தமையாலோ, மண் ஆழமின்மையாலோ, குளிர் மிக்கமையாலோ உழவிற்குப் பொருந்தாதவை இந்நிலங்களுள் பெரும்பாலன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கில் இத்தகைய நிலம் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை விரிந்து கிடக்கின்றது.

அந்நாட்டின் உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்ற பின்னர் இருப்புப் பாதைகள் மேற்கு நோக்கி நீண்டன. கிழக்கு நகரங்களின் இறைச்சிச் சந்தையை எட்ட வழி பிறந்தமையால், 1880ஐ அடுத்த ஆண்டுகளில் மாடுகளின் தொகை அளவிறந்து பெருகிற்று. நிலத்தின் பெரும்பகுதி அரசுக்கு உரியது. ஆயினும் மேய்ப்பதற்குக் கட்டணமோ வரையறையோ இல்லை. தான் விட்டுவைக்கும் புல்லை மற்றொருவன் மாடு தின்றுவிடும் என்று ஒவ்வொருவனும் அஞ்சியமையால் எவனும் புல்லை விட்டுவைக்கவில்லை. 1890ஐ அடுத்த ஆண்டுகளில் தென்மேற்கில் மழை பொய்த்தபோது மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மாடுகள் மடிந்தமை அனைவர் கண்ணுக்கும் புலனாயிற்று. அவற்றிற்கு முன்னரே புல் மடிந்தமை சிலர்க்கே புலனாயிற்று.

அச்சிலருள் பயிர்நூல் வல்லாரும் இருந்தனர். அவர்தம் முயற்சியால் 1903இல் அரிசோனாவில் சாந்தா ரீட்டா ஆய்வு நிலமும், 1912இல் நியூ மெக்சிகோவில் ஹோர்னாடா ஆய்வு நிலமும் நிறுவப்பட்டன. பின்னர் 1930ஐ அடுத்த ஆண்டுகளில் நடுச்சமவெளியில், உழத் தகாத புல்வெளியை உழுததன் பயனாக மண் புயலாக எழுந்தது. 1935ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் வீசிய புழுதிப் புயல் பகலை இருளாக்கியமையின், அந்நாள் 'கறுப்பு ஞாயிறு' எனப் பெயர் பெற்றது. அரசு நிலத்தில் மேய்ச்சலை வரையறுக்கும் டெய்லர் மேய்ச்சற் சட்டம் 1934இல் நிறைவேறியது. மண்காப்புப் பணித்துறை 1935இல் அமைந்தது. சட்டமும் துறையும் அமைந்தமையால் ஒரு பழைய வினா புதிய விசையோடு எழுந்தது. இந்நிலம் எத்தனை மாடுகளைத் தாங்கும்? இது கெட்டுள்ளதா? கெட்டுள்ளது எனின், எதனின்று கெட்டுள்ளது?

2. ஏணிக் கொள்கை

மூன்றாம் வினாவிற்கு முதலில் விடை தந்தவர் பிரெடரிக் கிளமெண்ட்ஸ் என்பார். அவர் 1916இல் வெளியிட்ட தாவரத் தொடர்வளர்ச்சி பற்றிய நூல் ஒரு தலைமுறையின் சிந்தனையை ஆண்டது. வெற்று நிலத்தில் முதலில் சிறு பூண்டுகள் தோன்றும். அவற்றிற்கு இடம் தந்தவை பின்வருவனவற்றிற்கு இடம் விட்டு மறையும். இவ்வாறு படிப்படியாக ஏறி, அவ்வட்பவெப்பத்திற்கு உரிய ஓர் உச்சநிலைத் தாவரத் தொகுதியில் வளர்ச்சி நிலைபெறும் என்பது அவர் கொள்கை. அவரிடம் பயின்ற ஆர்தர் சாம்ப்சன் 1919இல் இக்கொள்கையை மேய்ச்சல் நிலத்திற்குப் பொருத்திக் காட்டினார். மேய்ச்சல் மிகுந்தால் தாவரம் ஏணியின் கீழ்ப்படிக்கு இறங்கும். மேய்ச்சலைக் குறைத்தால் மீண்டும் மேலேறும். எப்படியில் நிற்கின்றது என்று கண்டால் நிலத்தின் நலம் அறியப்படும்.

இக்கொள்கைக்கு அளவுமுறை வகுத்தவர் டிக்ஸ்டர்ஹூயிஸ். அவர் 1949இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படைச் சான்றுகளுள் ஒன்று. மேய்ச்சலால் குறைவன, மேய்ச்சலால் பெருகுவன, புறத்தினின்று புகுவன எனத் தாவரங்களை அவர் மூவகைப்படுத்தினார். ஓரிடத்தில் இப்போதுள்ள தாவரத் தொகுதி அதன் உச்சநிலைத் தொகுதியோடு நூற்றுக்கு எத்துணைப் பங்கு ஒத்துள்ளது எனக் கணக்கிட்டு, 25 வரை தாழ்ந்தது, 26 முதல் 50 வரை இடைப்பட்டது, 51 முதல் 75 வரை நல்லது, அதற்கு மேற்பட்டது மிக நல்லது என நால்தரம் வகுத்தார்.

ஈண்டு ஒன்று நினைவுகொள்ளத் தக்கது. டிக்ஸ்டர்ஹூயிஸ் எல்லா நிலத்தையும் ஒரே உச்சநிலையோடு ஒப்பிட்டாரல்லர். மண்ணும் தட்பவெப்பமும் நிலக்கிடப்பும் ஒத்த இடங்களை ஒரு நிலவகையாகக் கொண்டு, ஒவ்வொரு வகையையும் அதற்கே உரிய உச்சநிலையோடு ஒப்பிடுதல் வேண்டும் என வற்புறுத்தினார். இதற்கு மண்ணியல் துணைநின்றது. ரஷ்ய அறிஞர் தோக்குச்சாயெவ் 1883இல் வெளியிட்ட கரிசல் மண் ஆய்வு, மண் என்பது பாறைத்தூள் மட்டுமன்று, தனக்கென வரலாறு உடைய இயற்கைப் பொருள் எனக் காட்டிற்று. ஹான்ஸ் ஜென்னி 1941இல் வெளியிட்ட நூல், தட்பவெப்பம், உயிரினம், நிலக்கிடப்பு, மூலப்பாறை, காலம் என்னும் ஐந்தும் மண்ணை ஆக்குவன என நிறுவிற்று. மண்காப்புப் பணித்துறையார் வரைந்த மண் வரைபடங்கள் இக்கருத்துகளைக் களத்திற்குக் கொணர்ந்தன. ஆகவே, நிலத்தை வகைப்படுத்துங்கால் மண்ணே முதற்பொருள் என்னும் கொள்கை 1950ஐ ஒட்டிய காலத்திலேயே வேர்கொண்டுவிட்டது எனலாம். வகைப்படுத்தியது பிழையன்று, வகைக்குள் ஒரே ஏணிதான் உண்டு எனக் கொண்டதே பிழையாக முடிந்தது. அப்பிழையைக் காட்டிக்கொடுத்தது ஹோர்னாடா.

3. ஹோர்னாடா தந்த சான்று

ஹோர்னாடா தெல் முவெர்த்தோ என்னும் எசுப்பானியத் தொடர்க்கு 'இறந்தவன் வழிநடை' என்பது பொருள். நீரற்ற அவ்வெளியைக் கடந்த பழைய வழிச்செல்வோர் இட்ட பெயர் அது. பெயர் கொடிதாயினும் அந்நிலம் முன்னர்ப் புல்வெளியாகவே இருந்தது. இதனை நாம் அறிவது ஊகத்தாலன்று, ஆவணத்தால். 1858இல் அரசு நில அளவையாளர் அவ்வெளியைச் சதுரங்களாக அளந்தபோது, அளவைக்கோடு சென்ற வழியெல்லாம் மண் எத்தகையது, புல் எத்தகையது, புதர் உண்டா என்பனவற்றையும் குறித்துவைத்தனர். அவர்கள் பயிர்நூல் கற்றவரல்லர். நிலத்தை விற்றற்குப் பயன்படும் குறிப்புகளையே எழுதினர். ஆயினும் அக்குறிப்புகள் பின்வந்த ஆய்வாளர்க்குக் கல்வெட்டுப்போல் உதவின.

பஃபிங்டன், ஹெர்பெல் என்னும் இருவர் 1858ஆம் ஆண்டுக் குறிப்புகளை 1915, 1928, 1963 ஆகிய ஆண்டுகளின் அளவைகளோடு ஒப்பிட்டு 1965இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 1858இல் ஆய்வுப் பரப்பில் நூற்றுக்கு 90 பங்கிற்கு மேல் நல்ல புல் மூடியிருந்தது. 1963இல் அது 25 பங்கிற்கும் குறைந்தது. புல் இருந்த இடத்தைப் புதர் கவர்ந்துகொண்டது. அவற்றுள் தலையாயது மெஸ்கீட் என்னும் முட்புதர். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், தரிசு எங்கும் பரவியுள்ள சீமைக் கருவேலமும் இப்புதரும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. ஆதலின் இதன் இயல்பை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வாய்வு காட்டிய மற்றோர் உண்மை நம் பொருட்கு இன்னும் இன்றியமையாதது. புதர்கள் கண்டவாறு பரவவில்லை. மணற்பாங்கான நிலத்தை மெஸ்கீட் பற்றியது. ஆழங்குறைந்த பரல் நிலத்தைக் கிரியோசோட்டுப் புதர் பற்றியது. களி மிக்க நிலத்தைத் தார்ப்புதர் பற்றியது. அஃதாவது, புல் அழிந்த பின்னரும் மண் தன் ஆட்சியை விடவில்லை. இன்ன நிலம் இன்னவாறு கெடும் என்பதையும் மண்ணே வகுத்தது.

இனி, ஏணிக் கொள்கையின்படி மாடுகளை விலக்கிவிட்டால் புல் மீள வேண்டும். ஹோர்னாடாவில் கால்நடை புகாதவாறு வேலியிடப்பட்ட பகுதியிலும் அதன் புறத்திலும் 1935 முதல் 1980 வரை நிகழ்ந்த மாற்றங்கள் 1983இல் ஓர் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தன. வேலிக்குள்ளும் மெஸ்கீட் பெருகியது. அந்நிலத்திற்கு உரிய கருங்கிராமாப் புல் மீளவில்லை. 45 ஆண்டுக் காத்திருப்பும் பயன்தரவில்லை.

காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. புல்வெளியில் நீரும் சத்தும் நிலமெங்கும் ஏறத்தாழ ஒரே சீராகப் பரந்திருக்கும். புல் அழிந்து புதர் தோன்றியபின், புதரின் அடியில் மட்டும் இலைச்சருகும் சத்தும் நீரும் சேர்கின்றன. புதர்களுக்கு இடைப்பட்ட நிலம் வெறுமையாகிக் காற்றாலும் மழையாலும் அரிக்கப்படுகின்றது. அரிக்கப்பட்ட மணல் புதரடியில் மேடாகக் குவிகின்றது. புதர் புதரையே வளர்க்கும் சூழல் இவ்வாறு அமைகின்றது. ஹோர்னாடா ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட கட்டுரையொன்று இதனை உலகெங்கும் பாலைநிலம் பெருகுதற்குரிய ஒரு பொதுமுறையாக விளக்கிற்று. மேய்ச்சல் தொடங்கிவைத்த கேட்டை மேய்ச்சல் நின்ற பின்னரும் மண்ணும் புதரும் தாமே நடத்துகின்றன. ஏணியில் இறங்கியவன் ஏறலாம். ஏணியே எடுக்கப்பட்டுவிட்டால் ஏறுவது எங்ஙனம்?

4. நிலமும் நிலையும்

இச்சிக்கலுக்கு வழி கண்டவர் வெஸ்ட்பி, வாக்கர், நோய்-மேயர் என்னும் மூவர். அவர்கள் 1989இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு நிலத்திற்கு ஒரே ஏணி உண்டு என்னும் கருத்தைக் கைவிட்டது. ஒரு நிலம் பல நிலைகளில் நிற்கலாம். ஒரு நிலையினின்று மற்றொன்றிற்குச் செல்லும் வழிகளும் பல. சில மாற்றங்கள் மழையாலும் நெருப்பாலும் மேய்ச்சலாலும் தாமே நிகழும். சில மாற்றங்கள் மனிதன் பெருமுயற்சி எடுத்தாலன்றி மீளா. இவ்வாறு மீளாமைக்கு அமைந்த எல்லை வரம்பு எனப்பட்டது. வரம்பு கடவாமுன் காத்தல் எளிது. கடந்தபின் மீட்டல் அரிது. நிலத்தைக் கண்காணிப்பதன் முதற்பயன் வரம்பை அணுகும் நிலத்தை முன்கூட்டியே அறிதலாம்.

இக்கொள்கையால் இருவேறு பொருள்கள் தெளிவாகப் பிரிந்தன. ஒன்று நிலவகை: மண், தட்பவெப்பம், நிலக்கிடப்பு ஆகியவற்றால் அமைந்து எளிதில் மாறாதது, அந்நிலம் எதுவாக ஆகவல்லது என்பதைக் கூறுவது. மற்றொன்று நிலை: இப்போதுள்ள தாவரத்தாலும் மண்மேற்பரப்பாலும் அறியப்படுவது; அந்நிலம் இன்று எதுவாக உள்ளது என்பதைக் கூறுவது.

தமிழறிஞர்க்கு இப்பகுப்பு ஒரு பழம்பொருளை நினைவூட்டாமற் போகாது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், மரமும் விலங்கும் புள்ளும் தொழிலும் போல்வனவற்றைக் கருப்பொருள் என்றும் வேறுபடுத்தினார். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வந்து தோன்றினும், வந்தடைந்த நிலத்தின் பாற்பட்டனவாகவே அவற்றைக் கொள்ளுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. கரு இடம்பெயரலாம், முதல் இடம்பெயராது. பாலைக்கோ அவர் தனி நிலம் வகுத்திலர். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள், முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் நல்லியல்பை இழந்து துன்புறுத்தும் வடிவு கொள்வதே பாலை என விளக்குவதும் யாவரும் அறிந்தது. இன்றைய கலைச்சொற்களால் கூறின், முல்லையும் குறிஞ்சியும் நிலவகைகள். பாலை ஒரு நிலை.

இதனைக் கொண்டு, மேலைநாட்டார் இன்று கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர் எனப் பெருமை பேசுதல் ஆராய்ச்சி ஆகாது. திணை செய்யுளின் இலக்கணம். நிலவகை நிலப்பேணலின் கருவி. அடிகள் கூறும் பாலை கோடையோடு வந்து கார்வரவால் நீங்கவல்லது. ஹோர்னாடாவின் பாலை கார் பல வந்தும் நீங்காதது. ஆயினும், பாலையைத் தனி நிலமாக எண்ணாது திரிந்த நிலமாக எண்ணும் நோக்கு நம்மிடம் உண்டு. திரிந்தது எனக் கண்டவன், எதனின்று திரிந்தது என்றும் வினவுவான். இவ்வினாவே நிலநல ஆய்வின் உயிர்.

இப்போது முன்னெழுந்த வினாவிற்கு விடை கூறலாம். மெஸ்கீட் மூடிய ஹோர்னாடாவை அதன் தாவரத்தை மட்டும் கொண்டு வகைப்படுத்துவோமாயின், 'புதர்நிலம்' என ஒரு தொகுதி அமைப்போம். அத்தொகுதியின் பிற புதர்நிலங்களோடு ஒப்பிட்டால் அது குறையற்றதாகத் தோன்றும். இயல்பாகவே புதர்நிலமாயிருந்த இடமும், புல்வெளியாயிருந்து புதர்க்காடாகத் திரிந்த இடமும் ஒரே பெயரில் கலந்துவிடும். கேடு பகுப்பினுள்ளேயே மறைந்துவிடும். மண்ணைக் கொண்டு பகுத்தால், மணற்பாங்கான இந்நிலம் கருங்கிராமாப் புல் தாங்கவல்லது என்பது புலனாகும். மெஸ்கீட் அதன்மேல் நேர்ந்த திரிபு என்பதும் புலனாகும்.

5. பதினேழு அறிகுறிகள்

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வெளியிட்ட மேய்ச்சல் நிலநலம் பற்றிய அறிக்கை, பழைய நால்தர முறை போதாது என வெளிப்படையாகக் கூறிற்று. உச்சநிலைத் தாவரத்தோடு உள்ள ஒப்புமை மட்டும் நலமாகாது. மண் நிலைத்துள்ளதா, நீரும் சத்தும் முறையாகச் சுழல்கின்றனவா, கெட்டது தானே மீளும் ஆற்றல் உள்ளதா என்பனவே நலம். இதனையடுத்து அரசுத்துறை அறிஞர்கள் வகுத்த கள ஆய்வுமுறை 2000இல் ஒரு கைந்நூலாக வெளிவந்து, பலமுறை திருத்தம்பெற்று, 2020இல் ஐந்தாம் பதிப்பாக வெளிவந்தது. அதன்கண் 17 அறிகுறிகள் கூறப்படுகின்றன. சிற்றோடை அரிப்பு, நீரோடிய தடம், வெற்றுநிலம், காற்று அரித்த இடம், மேற்பரப்பு மண்ணின் உறுதி, இறந்த செடிகளின் அளவு, புறத்தினின்று புகுந்த செடிகள் முதலியன அவற்றுட் சில. இவையனைத்தும் மண் நிலைப்பு, நீரியக்கம், உயிர்ச்செழுமை என்னும் மூன்று பண்புகளின்கீழ் அடங்கும்.

இம்முறையின் நுட்பம் ஒன்று நோக்கத்தக்கது. 17 அறிகுறிகளுள் எதற்கும் யாண்டும் பொருந்தும் ஒரே அளவு கூறப்படவில்லை. ஒவ்வோர் அறிகுறியும் அந்நிலவகைக்கு எதிர்பார்க்கப்படும் அளவினின்று எத்துணை விலகியுள்ளது என்றே மதிப்பிடப்படுகின்றது. ஆதலின் நிலவகை தவறின் 17 அறிகுறிகளும் ஒருங்கே தவறும். கொலராடோ ஆற்றின் மேற்படுகையில் மாங்கோஸ் என்னும் உவர்க்களிப் பாறை சிதைந்து உண்டான மண் பரந்துள்ளது. அம்மண்ணில் செடிகள் இயல்பாகவே மிக அருகி வளரும். வெற்றுநிலம் மிகுந்திருத்தல் ஆண்டுக் குறையாகாது. அருகிலுள்ள ஆழமான மணற்கலவை மண்ணில் அதே அளவு வெற்றுநிலம் காணப்படின், அஃது அரிப்பின் முன்னறிவிப்பாகும். களத்தில் நின்று காண்பவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மண்வெட்டியால் ஒரு குழி தோண்டிப் பார்த்தபின்னரே வேற்றுமை விளங்கும்.

6. பகுத்தலும் தொகுத்தலும்

மண்ணை முதலாகக் கொண்ட பகுப்பு வளர வளர மற்றோர் இடர் தோன்றிற்று. அரசுத்துறைகள் மூன்று ஒன்றுகூடி நிலவகைகளை விளக்குதற்கு 2013இல் பொதுக் கைந்நூல் ஒன்று வகுத்தன. அமெரிக்க மேற்கெங்கும் எண்ணற்ற நிலவகைகள் விளக்கம் பெற்றன. மண்ணின் நுண்வேறுபாடு ஒவ்வொன்றும் ஒரு வகையைத் தோற்றுவிக்கும்போது, வகைகள் பெருகி, ஒவ்வொரு வகைக்கும் உரிய களச்சான்று அருகிப்போகும். அரசு நில மேலாண்மைத்துறை 2011இல் வகுத்த திட்டத்தின்படி, பல்லாயிரம் இடங்களில் ஒரே முறையில் தாவரமும் மண்ணும் அளக்கப்பட்டு வருகின்றன. ஆயினும் அவ்விடங்களை நுண்வகைதோறும் பிரித்தால், ஒரு வகைக்கு ஒன்றோ இரண்டோ இடங்களே எஞ்சும். ஓரிடத்தைக் கொண்டு ஒரு வகையின் இயல்பளவை வரையறுத்தல் இயலாது. ஒரு சுவடியைக் கொண்டே பாடம் உறுதிசெய்யப் புகுவார்க்கு உள்ள இடரே இதுவும்.

ஆதலின் பகுத்தவற்றை மீண்டும் தொகுக்க வேண்டியதாயிற்று. கொலராடோ மேற்படுகைக்கென 2022இல் வெளிவந்த ஆய்வு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. தட்பவெப்பம், மண்ணின் ஆழம், உவர்ப்பு, மணல் களி விகிதம், கல் மிகுதி, நிலக்கிடப்பு ஆகியவற்றுள் தாவர வேறுபாட்டைப் பெரிதும் விளக்குவன எவை எனக் கணக்கீட்டால் கண்டு, அவற்றைக் கொண்டு நுண்வகைகளைச் சில பெருந்தொகுதிகளாக அவ்வாய்வு சேர்த்தது. அத்தொகுதிகளை நிலப்படத்திலும் வரைந்தது. ஈண்டுத் தாவரம் புறக்கணிக்கப்படவில்லை என்பதை நோக்குக. எந்த மண்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது என்பதற்குத் தாவரமே சான்று பகர்கின்றது. ஆனால் எல்லைக்கோட்டை இடுவது மண். தாவரம் சாட்சி, மண் வழக்கெல்லை. சாட்சியையே எல்லையாகக் கொள்ளும்போதுதான் முன்னர்க் கூறிய மயக்கம் நேர்கின்றது.

தொகுத்தற்கு அளவு யாது? ஒரு தொகுதியினுள் அடங்கிய நிலங்கள் ஒரே கேட்டிற்கு ஒரே வகையாக இசைவுறுமாயின், அவற்றைப் பிரிக்க வேண்டுவதில்லை. மேய்ச்சல் மிகும்போது ஒன்று புதராகவும் மற்றொன்று வெற்றுமணலாகவும் மாறுமாயின், அவ்விரண்டும் இன்று எத்துணை ஒத்துத் தோன்றினும் பிரித்தே வைத்தல் வேண்டும். ஹோர்னாடாவில் மூவகை மண் மூவகைப் புதரை ஏற்றமை இவ்விதிக்கு உரைகல்லாக உள்ளது.

7. நம் நாட்டு நிலை

இந்தியாவின் புல்வெளிகளை 1954 முதல் 1962 வரை நாடெங்கும் ஆய்ந்து, ஐந்து புல்வகைத் தொகுதிகளாக வகுத்த பேராய்வு 1973இல் நூலாக வெளிவந்தது. தபத்காவ், சங்கரநாராயணன் ஆகியோர் எழுதிய அந்நூல் இத்துறையில் நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அப்பகுப்பு மிகுந்துள்ள புல்லினத்தின் பெயரால் அமைந்தது. நாடு முழுமையும் ஒரே பார்வையில் காண்பதற்கு அது பெரிதும் உதவும். ஓர் ஊரின் மேய்ச்சல் நிலம் கெட்டதா என அறிதற்கு, அப்புல்லின் அடியிலுள்ள மண்ணையும் உடன்வைத்தல் வேண்டும்.

நம் வருவாய்க் கணக்குகளோ வேறொரு பகுப்பை உடையன. ரயத்துவாரி நிலவரித் திட்டத்தில், தீர்வை விதித்தற்பொருட்டுக் கரிசல், செவ்வல், மணல் என மண் பகுக்கப்பட்டுத் தரம் இடப்பட்டது. உழவு நடவாத நிலத்திற்குத் தரிசு, புறம்போக்கு என்னும் பெயர்களே போதுமானவையாக இருந்தன. தரிசு என்னும் சொல் அந்நிலம் உழப்படவில்லை என்பதைக் கூறும். அது எதனைத் தாங்கவல்லது என்பதைக் கூறாது. நலமுற்ற புல்வெளியும், மண் அரிக்கப்பட்டுப் பாறை தெரியும் வெளியும் அச்சொல்லில் ஒன்றாகிவிடுகின்றன. பயனற்றது எனப் பெயர்பெற்ற நிலத்தில் மரம் நடுதலும், அதனைப் பிற பயனுக்கு மாற்றுதலும் நன்மையாகவே தோன்றும்; இழந்தது யாது என எவரும் கணக்கிடார். இதற்கு மாறாக, கொங்கு நாட்டுக் காங்கேயப் பகுதியில் கொறங்காடு என்னும் மேய்ச்சற் காடுகளைக் கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளர்த்துப் பேணும் உழவர், தம் நிலம் எதனைத் தாங்கும் என்பதை நன்கறிந்தவர். அவ்வறிவு கணக்கேடுகளில் ஏறவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. மேய்ச்சல் நிலத்தின் நலத்தைத் தனியே அளத்தல் இயலாது; இனத்தோடு ஒப்பிட்டே அளத்தல் வேண்டும். இனத்தை வகுக்குங்கால் எளிதில் மாறாத மண்ணை முதலாகவும், மாறும் தாவரத்தைச் சான்றாகவும் கொள்ளுதல் வேண்டும். நுண்ணியதாகப் பகுத்தவற்றை, கேட்டிற்கு அவை இசைவுறும் முறைநோக்கி மீண்டும் தொகுத்தல் வேண்டும். கிளமெண்ட்ஸ் காலந்தொட்டு ஒரு நூற்றாண்டு முயன்று பெற்ற முடிபு இது. இம்முடிபு உருவாவதற்குள் ஹோர்னாடாவின் புல்வெளியில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்க்கும் உரிய ஆண்டாக 2022இல் அறிவித்தது. நிலத்திற்கு ஓர் ஆண்டை உரிமையாக்குதல் நன்று. அதற்கு உரிய பெயரை வழங்குதல் அதனினும் நன்று. தரிசு என ஒரு நிலத்தைக் குறித்தவன் அதனிடம் வினவுதற்கு யாதும் இலன். திரிந்த முல்லை என்று குறித்தவனோ, அது திரிந்தது எப்போது, எதனால், மீளும் வழி உண்டா என்று வினவாமல் இருக்க மாட்டான்.